இஞ்சினியருக்குக் கொண்டுபோன எண்ணெய்

என் மகள் தமியானா பல்கலைக்கழகத்தில் முழு மதிப்பெண் வாங்கிய கட்டடப் பொறியாளர். பட்டம் வாங்கிய அன்று எல்லாரும் கைதட்டினார்கள். நான் அஞ்சாவதோடு நின்றவன், கைதட்டலை நம்புகிறவன் இல்லை. இப்போது தெற்கு இத்தாலியில் எங்கள் பக்கத்துப் பாரி நகரத்தில் ஒரு இஞ்சினியர் ஆபீஸில் இருக்கிறாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் முடியும். முதலாளிக்கு மனசிருந்தால் இன்னும் மூன்று மாதம். அது முடிகிற வாரத்தில் எங்கள் வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்காது.

ஈஸ்டர் கழிந்ததும் நிக்கோலாவோடு அவளுக்குக் கல்யாணம். ஆபீஸில் அவள் மூச்சு விடவில்லை. கல்யாணம் என்றால் அடுத்தது பிள்ளை, பேறுகால விடுப்பு. விரட்டக்கூட வேண்டாம், ஒப்பந்தம் முடியும்போது முதலாளி பேசாமல் இருந்தாலே போதும். அவளுக்கு முன்னால் இருந்த பெண் அப்படித்தான் போனாள்.

என் மச்சான் கோசிமோ முடிவெட்டுகிறவன். எங்கள் பக்கம் பிள்ளைக்கு வேலை நிலைக்க வேண்டுமென்றால், பெரிய மனிதருக்குப் புது ஆலிவ் எண்ணெய் ஒரு டின் கொடுத்து ஒரு வார்த்தை சொல்வார்கள். அவனை யாரும் கேட்கவில்லை. டிசம்பர் கடைசியில், ஒப்பந்தம் முடிகிற வாரம், தானாக ஒரு டின்னோடு அவள் முதலாளியிடம் போய்விட்டு வந்து என் அடுப்படியில் உட்கார்ந்தான்.

"கவலைய விடு மச்சான். தங்கமான மனுஷன். பொண்ணுக்குக் கல்யாணம் வருது, வேலைய நிரந்தரமாக்கிடுங்கன்னு சொல்லிட்டேன். ரெண்டு கன்னத்துலயும் முத்தம் குடுத்து வாழ்த்துனாரு."

தமியானாவின் முகம் செத்துப்போனது.

"மாமா, நீங்க தலைமுடிய வெட்டுறதோட நிறுத்தியிருக்கலாம்."

அவன் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தான்.

மறுநாள் சாயங்காலம் முதலாளி அவளைத் தனியாக வரச் சொல்லியிருந்தார். நான் ரயிலடியில் காத்திருந்தேன். வந்த ரயிலில் அவள் இல்லை. அடுத்ததில் இறங்கினாள், கண் வீங்கியிருந்தது.

மூன்று மாதம் கொடுத்துவிட்டார்கள் என்றாள். எப்படி என்று கேட்டேன்.

"கல்யாணம் நின்னுபோச்சுன்னு சொன்னேன்ப்பா. நிக்கோலா வேற ஒருத்தியோட போயிட்டான்னு அழுதேன். அவரே கைக்குட்டை குடுத்தாரு."

"பொய்யா அழுதியா?"

"அழுகை நெசந்தான்."

கல்யாணத்துக்கு முன்னால் நகராட்சி இருவர் பேரையும் இணையத்தில் போடும். யாரும் பார்க்கலாம். அடுத்த ஒப்பந்தம் முடிவதும் அதே சமயம்தான். கடைத்தெருவில் யாராவது என் கையைப் பிடித்து வாழ்த்துச் சொன்னால், சுற்றும்முற்றும் பார்க்கிறேன். மெதுவாகப் பேசச் சொல்கிறேன்.