முதல் பயனாளி

எங்கள் நகர்ப்புற சுகாதார நிலையத்தில் ரகசிய ஆலோசனை அறை என்று ஒன்றைத் திறந்தார்கள். கருத்தடை, வெள்ளைப்படுதல், பால்வினை நோய் என்று நாலு பேர் முன்னால் சொல்லக் கூசுகிற விஷயங்களைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசலாம். அதுவரை கூடத்தில் எல்லார் காதிலும் விழும்படிதான் கேட்டுக்கொண்டிருந்தோம். அந்த அறை வேண்டுமென்று நர்ஸாகிய நான் நாயாய் அலைந்திருக்கிறேன்.

முதலில் வந்தவள் வர்ஷினி. இரண்டு பிரசவமும் சிசேரியன், இரண்டும் பெண் குழந்தைகள். உடம்பில் ரத்தமே இல்லை. உடனே இன்னொன்று உண்டானால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தார். மாமியார் சோலையம்மாளுக்கோ பேரன் வேண்டும். புருஷன் அம்மா கிழித்த கோட்டைத் தாண்டாதவன்.

“சத்யாக்கா, ஊசி போட்டுக்கிறேன். எங்க அத்தைக்குத் தெரிஞ்சா அம்புட்டுத்தான், என்னைய வாழ விடாது.”

“கதவைத் தாண்டி ஒரு வார்த்தை போகாது தாயி,” என்றேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசி. போட்டது வெளியில் தெரியாது.

ஊசியைப் போட்டு நிமிர்வதற்குள் திட்ட அதிகாரி கிருஷ்ணபிரசாத் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். தட்டவாவது தட்டினாரா? கையில் பழக்கூடை, பின்னால் கேமராக்காரர். கூடையை அவள் கையில் திணித்ததும் ஃபிளாஷ் அடித்தது.

“சார், போட்டோ வேண்டாம்!”

“ஆபீஸ் ஃபைலுக்குத்தாம்மா. நான் என்ன சினிமாவா எடுக்குறேன்?”

அந்த வாரமே காளவாசலில் பஸ்ஸை விட்டு இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் ஊரில் காதுகுத்துக்கும் ஃபிளெக்ஸ், கண்ணீர் அஞ்சலிக்கும் ஃபிளெக்ஸ். ரகசிய அறைக்குமா வைப்பார்கள்? வைத்திருந்தார்கள். கிருஷ்ணபிரசாத் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். மூலையில் ஒரு வட்டத்துக்குள் வர்ஷினி. கீழே கொட்டை எழுத்தில், ‘ரகசிய கருத்தடை ஆலோசனை அறையின் முதல் பயனாளி, திருமதி வர்ஷினி, பொன்மேனி.’

அங்கிருந்தே அவருக்குப் போன் போட்டேன்.

“சார், அதை உடனே எடுக்கச் சொல்லுங்க. அந்தப் பொண்ணு வீட்டுக்குத் தெரியாம வந்துச்சு.”

“சென்னையில இருந்து டீம் வாராங்கம்மா. அவங்க பாக்குற வரைக்கும் இருக்கட்டும். நல்ல காரியந்தான, இதுல என்ன வெக்கம்?”

தூ! இவரெல்லாம் ஓர் அதிகாரி. பக்கத்துப் பூக்கடையில் கத்தியை வாங்கி நானே கிழித்தேன். வேலை போனால் போகட்டும் என்றிருந்தது. பூக்காரர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்ப கிழிச்சு என்ன தங்கச்சி? சோலையம்மா அக்கா காலையிலயே வந்துச்சு. மருமக படம் எதுக்கு இருக்குன்னு கேட்டுச்சு. நாந்தான் படிச்சுக் காட்டுனேன்.”

அடுத்த ஊசிக்கு வர்ஷினி வரவில்லை. போனும் அணைந்து கிடந்தது. பொன்மேனிக்கே தேடிப் போனேன். சோலையம்மாள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

“எங்க வம்சத்துக்கு ஊசி போட நீ யாருடி?”

உள்ளே குழந்தை அழும் சத்தம் மட்டும் கேட்டது. வர்ஷினி வெளியே வரவே இல்லை.

பிறகு அவளைப் பார்த்தது கர்ப்பிணிகள் முகாமில்தான். வயிறு முன்னால் தள்ளியிருந்தது. உதடெல்லாம் வெளுத்து, படியேறவே மூச்சு வாங்கியது. மாமியார் கையை விடாமல் பிடித்திருந்தாள். நான் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டும் வர்ஷினி என்னைப் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பாள்?

வரிசையில் நின்றவளைப் படுக்கவைத்து ரத்தம் எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். கிருஷ்ணபிரசாத் பழக்கூடையோடு வந்தார், அதே கேமராக்காரரோடு. வரிசையை ஒரு பார்வை பார்த்தவருக்கு அவளை அடையாளம்கூடத் தெரியவில்லை.

“இந்தப் பொண்ணு நல்ல கலரா இருக்கு. முன்னால நிப்பாட்டுங்க.”

சோலையம்மாள் மருமகளின் முந்தானையைச் சரிசெய்து நிறுத்தினாள்.

“சிரிடி,” என்றாள்.