பிறந்த வீட்டுக் கோடி

"பொறந்த வீட்டுக் கோடி வந்தாச்சா?" என்று உள்ளேயிருந்து யாரோ கேட்டபோது மதியழகன் வாசலில் நின்று, சேலையில் ஒட்டியிருந்த விலைச் சீட்டைப் பிய்த்துக்கொண்டிருந்தார். சனியன், அது பிய்யவே இல்லை. சென்னையிலிருந்து காரில் வந்து, காரைக்கால் பாரதியார் சாலையில் கடை திறக்கும்வரை காத்திருந்து வாங்கிய சேலை. அரக்கு நிறம். அக்காவுக்கு அரக்கு பிடிக்குமா என்று கடையிலேயே யோசித்துப் பார்த்தார், ஞாபகம் வரவில்லை. ஐம்பத்தொரு வயதாகிறது, கூடப்பிறந்த ஒரே அக்காவுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று தெரியாதவன் என்ன தம்பி!

"குடுங்க மாமா" என்று அக்கா மகன் எழிலன் வந்து வாங்கினான். அந்தச் சீட்டைப் பல்லால் கடித்து இழுத்து எடுத்துவிட்டு, சேலையைத் தாம்பாளத்தில் வைத்து மறுபடி அவர் கையிலேயே கொடுத்தான். கூடப்பிறந்தவர்தானே கொண்டுபோய்ப் போட வேண்டும். மதியழகன் அவன் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார்.

அக்கா ஞானசௌந்தரி கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். முந்தின நாள் மத்தியானம் மாடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனவள், படியிலேயே உட்கார்ந்த வாக்கில் போய்விட்டாள். அறுபத்திரண்டு வயது. பெண்கள் பெட்டியைத் திறந்து கோடியைப் போர்த்தினார்கள். தம்பி சேலை வந்துருச்சு, இனிமே நிம்மதியாப் போவா என்று ஒருத்தி சொல்லி அழுதாள். மதியழகனுக்கு அங்கே நிற்க முடியவில்லை.

எழிலன் அவளுடைய ஒரே மகன். எட்டு வருஷத்துக்கு முன்னால் அவனைச் சென்னைக்கு அழைத்துக்கொண்டுபோய்த் தன் கம்பெனியில், தன் டீமிலேயே சேர்த்துவிட்டவர் மதியழகன். அஞ்சு மாதத்துக்கு முன்னால் அந்த வேலை போய்விட்டது. இப்போது காரைக்காலில் ஒரு ஹார்டுவேர் கடையில் பில் போடும் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்கிறான். ஏ.ஐ. வந்து அவன் வேலையைப் பிடுங்கிக்கொண்டது என்று அக்கா வீடு இருக்கும் நெரவியில் அந்தத் தெருவுக்கே தெரியும். தெருவுக்குச் சொன்னவள் ஞானசௌந்தரி. அவளுக்குச் சொன்னவர் மதியழகன்.

நடந்தது வேறு. மதியழகன் இந்தத் தொழிலுக்கு வந்து இருபத்தாறு வருஷம். ரெண்டாயிரம் பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுபோகும் என்று பயமுறுத்திக்கொண்டிருந்த காலத்தில் சேர்ந்தவர். அதற்கப்புறம் நாலைந்து வருஷத்துக்கு ஒருதரம் எவனாவது புதுச் சட்டை போட்டுக்கொண்டு மேடையேறி, இனிமேல் புரோகிராம் எழுத ஆளே வேண்டாம் என்பான். மறுவருஷம் அவனே ஆள் தேடி அலைவான். இந்த ஏ.ஐ.யை அவர் மட்டமாகச் சொல்லமாட்டார். கெட்டிக்காரச் சாமான்தான், சின்ன வேலைகளைக் கண்மூடித் திறப்பதற்குள் செய்து கொடுக்கும். ஆனால் தெரியாததையும் தெரிந்த மாதிரியே சொல்லும், பக்கத்தில் விஷயம் தெரிந்த ஆள் இருந்தே ஆகவேண்டும் என்பார். டீக்கடையில் யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். கம்பெனி மீட்டிங்கில் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

அங்கே கால்வாசி வேலையை இனி ஏ.ஐ. பார்க்கும் என்று மேலே உள்ளவர்கள் முதலீட்டாளர்களிடம் சொல்லிவிட்டார்கள். சொன்னதைக் காட்டியாக வேண்டுமே, வீட்டுக்கு அனுப்ப ஒவ்வொரு டீமிலும் நாலு பெயர் கேட்டார்கள். முடியாது, இவர்கள் இல்லாமல் வேலை ஓடாது என்று மதியழகன் சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த பட்டியலில் தன் பெயர் வரும் என்று பயம். மூன்று பெயரை எழுதிவிட்டு நாலாவதுக்கு இரண்டு நாள் முழித்தார். எழிலன் சொந்தக்காரப் பையன், சண்டைக்கு வரமாட்டான். அவனை வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். டீமிலேயே வேலை நன்றாகத் தெரிந்தவன் அவன்தான் என்று தெரிந்தே எழுதினார். அன்றைக்கே அக்காவுக்குப் போன் போட்டு, மிஷின் வந்துருச்சுக்கா, என் கையில ஒண்ணும் இல்ல என்றார்.

அவள் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை. போன மாதம் மாங்கனித் திருவிழா முடிந்து அவளே கூப்பிட்டாள். சாமி வீதியுலா வந்தபோது தெரிந்தவர் வீட்டு மாடியில் நின்று, வேண்டுதலாக ஒரு கூடை மாம்பழம் இறைத்தாளாம். எழிலனுக்கா என்று கேட்டார்.

"அவன் எப்படியும் பொழச்சுக்குவான்டா. ஒனக்குத்தான் வேண்டிக்கிட்டேன். அந்த மிஷின் ஒன் வேலையையும் தூக்கிறக் கூடாதுல்ல" என்றாள். அதுதான் அவள் அவரிடம் கடைசியாகப் பேசியது.

வெளியே சாமியானாவுக்கு வந்ததும் எதிர்வீட்டு சிவக்குமார் எழுந்து, தன் நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார். மின்துறையில் வேலை பார்ப்பவர். மதியழகன் எவ்வளவு சொல்லியும் கேட்காமல் அவரை உட்காரவைத்துவிட்டு, தான் நின்றுகொண்டார். எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், யார் யார் வர வேண்டியிருக்கிறது என்று கொஞ்சம் பேச்சு ஓடியது. பிறகு சிவக்குமார் குரலைத் தாழ்த்தி, இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான் என்று ஆரம்பித்தார். மகள் வினோதா பன்னிரண்டாவதில் நல்ல மார்க். கம்ப்யூட்டர்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். புதுச்சேரி சென்டாக் கலந்தாய்வில் எந்தப் படிப்பு வேண்டும் என்று நாளைச் சாயங்காலத்துக்குள் போட வேண்டும்.

"எழிலனப் பாத்துட்டுத்தான் யோசனையா இருக்குண்ணே. நீங்க இத்தன வருசமா அதுலயே ஊறுனவங்க. சொல்லுங்க, இனிமே அதுக்கு ஆளு வேணுமா, வேணாமா?"

சுற்றியிருந்த நாற்காலிகளில் பேச்சு நின்றது. டீ டம்ளர் தட்டோடு எழிலன் இரண்டடி தள்ளித்தான் நின்றான். வேணும் என்று சொல்ல மதியழகனுக்கு வாய் வரை வந்துவிட்டது. சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்று தெரியாதா? அப்புறம் எழிலனுக்கு ஏன் போச்சு என்பார்கள்.

"வேணாங்க. சிவில் போடுங்க. கம்ப்யூட்டர்ல இனி ஒண்ணும் இல்ல" என்றார்.

சிவக்குமார் பெருமூச்சு விட்டு, நீங்களே சொன்னப்பறம் என்ன என்றார். எழிலன் ஒருதரம் மாமாவைப் பார்த்தான். பிறகு தட்டை அடுத்தவரிடம் நீட்டினான்.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். சுடுகாடு வாய்க்கால் கரையில், ரொம்ப தூரமில்லை. எழிலன் மொட்டை போட உட்காரும்போது சட்டையையும் செல்போனையும் தாய்மாமனிடம் கொடுத்தான். சவரம் பாதியில் இருக்கையில் போன் அடித்தது. மணிபாரதி என்று பெயர் தெரிந்தது. மணிபாரதி மதியழகனின் டீமில் இருக்கும் சின்னப் பையன், சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. எழிலன் பார்த்துவந்த இன்சூரன்ஸ் கம்பெனி வேலை இப்போது அவனிடம்தான் இருந்தது, கூட ஏ.ஐ.யும் கொடுத்திருந்தார்கள். துக்கம் விசாரிக்கக் கூப்பிடுகிறான் போல என்று மதியழகன் எடுத்துக் காதில் வைத்தார்.

"அண்ணா, ரெண்டே நிமிஷம். அந்த பாலிசி முதிர்வு ஃபைல் திரும்ப நின்னுடுச்சு. ஏ.ஐ. சொன்னதப் போட்டா எல்லாமே தப்பா வருது. பழைய பாலிசிக்குத் தனியா ஒரு எடம் இருக்குன்னு போன வாரம் சொன்னீங்கல்ல, அது எங்கண்ணா? மதி சார் லீவுல போயிருக்காரு, வர்றதுக்குள்ள முடிச்சிறணும்."

மதியழகன் போனை அணைத்தார். அந்தப் போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் அப்புறம் நடந்ததற்கெல்லாம் நின்றார். வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். குனிந்தபோது அரக்குச் சேலை கழுத்துவரை இழுத்துவிடப்பட்டிருந்தது. அரிசி வாயில் விழாமல் கன்னத்தில் சிந்தியது. பரவாயில்ல, மறுபடி போடுங்க என்றார் ஒருவர். தன் வேலைக்காக மாம்பழம் இறைத்த அக்காவின் வாய்க்கு நேரே கையைக் கொண்டுபோக அவருக்கு வெட்கமாக இருந்தது, வெட்கமாக மட்டும்தான் இருந்தது. அழுகைகூட வரவில்லை.

எழிலன் கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தான். பம்பில் குளித்துவிட்டு, ஈர வேட்டியோடு வந்து போனை வாங்கிப் பார்த்தான்.

"பேசுனீங்களா மாமா?"

"பேசல. கேட்டேன்."

எழிலன் மொட்டைத் தலையைத் துவட்டினான்.

"எப்பலேருந்து?" என்றார் மதியழகன்.

"நான் வந்த மறுவாரத்துலேருந்து. வாரத்துக்கு ரெண்டு தடவ பண்ணுவான். சின்னப் பய மாமா, அவன் என்ன செய்வான்."

அப்படியென்றால் ஐந்து மாதமாக இவனுக்குத் தெரியும். ஏ.ஐ. அவன் வேலையை எடுக்கவில்லை என்று, எடுத்த கை யாருடையது என்று.

"அக்காவுக்கு?"

"மிஷின்னு நீங்க சொன்னீங்க, அம்மா நம்புச்சு. நானும் ஆமான்னுட்டேன்." வேட்டி முனையைப் பிழிந்துகொண்டே சொன்னான். "வேற மாதிரி சொல்லி, ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்த இல்லாமப் போயிருந்தா, இன்னைக்கிக் கோடி யாரு மாமா கொண்டாருவா?"

அவன் குரலில் குத்தல் இல்லை. வைதிருந்தால் மதியழகன் நின்று வாங்கிக்கொண்டிருப்பார். எழிலன் கொஞ்சம் தள்ளிப்போய் மணிபாரதியைக் கூப்பிட்டான். அம்மா இறந்ததை அவனிடம் சொல்லவில்லை. "சொல்லு மணி" என்று ஆரம்பித்து, பழைய பாலிசிக்கான இடம் எந்த ஃபைலில், எந்த வரிக்குக் கீழே இருக்கிறது என்று நிதானமாகச் சொன்னான். வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து கால் கழுவி, விளக்கைப் பார்த்துவிட்டு மதியழகன் கிளம்பினார். சாவு வீட்டில் போய்ட்டு வரேன் என்று சொல்லக் கூடாது. நல்ல வழக்கம்தான் என்று நினைத்துக்கொண்டு காரின் கதவில் கை வைத்தவர், எதிர்வீட்டைப் பார்த்தார். பிறகு தெருவைத் தாண்டினார்.

சிவக்குமார் குளித்துவிட்டு முன்னறையில் நாற்காலியில் இருந்தார். அவரைக் கண்டதும் எழுந்து, உள்ள வாங்கண்ணே என்றார். மதியழகன் வாசல்படியிலேயே நின்றார். தரையில் வினோதா லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"போட்டாச்சுண்ணே. நீங்க சொன்ன மாதிரி சிவில்தான் மொதல்ல."

மாற்றிவிடுங்கள் என்றார் மதியழகன். பிள்ளை கேட்கிறதையே போடுங்கள், வேலையெல்லாம் மாறும், சுலபமாகவும் இருக்காது, ஆனால் தெரிந்த ஆள் வேண்டும், எப்போதும் வேண்டும், காலையில் சொன்னது பொய். சிவக்குமார் ஒன்றும் புரியாமல் சிரித்தார்.

"என்னண்ணே இது, எழிலனுக்கே போயிருச்சே."

"எழிலன் வேலைய மிஷின் எடுக்கல. பேர எழுதிக் குடுத்தது நான்."

சிவக்குமார் அவரையே பார்த்தார். ஏன் என்று கேட்பார், சொல்லலாம் என்று மதியழகன் காத்திருந்தார். அவர் கேட்கவில்லை. மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மாத்துறதுன்னா மாத்தும்மா" என்றார் மகளிடம்.

வினோதா விறுவிறுவென்று தட்ட ஆரம்பித்தாள். சிவக்குமார் குனிந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மதியழகன் இன்னும் கொஞ்ச நேரம் படியில் நின்றார். யாரும் எழுந்திருக்கவில்லை.

சாவு வீட்டில்தான் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவார்கள். இந்த வீட்டிலிருந்தும் அவர் அப்படியே படியிறங்கிப் போனார்.