சனியும் ஞாயிறும் ஒட்டிய கட்டம்

எங்கள் படகு நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் இருக்கும் நேர அட்டவணை நான் கட்டியது. டிக்கெட் கிழிப்பது, போன் எடுப்பது, வாசலில் பனி அள்ளுவது, பக்கம் எழுதுவது எல்லாம் இந்த அலுவலகத்தில் நான் ஒருத்திதான். அதனால் திங்கட்கிழமை காலை போனில் ஒரு குரல் "உன் அட்டவணை எதுக்கும் உதவாது" என்றதும் எனக்குச் சுர்ரென்று ஏறியது.

பேசியது வெர்னா கிரிண்டில். எதிரே உள்ள தீவில் தனியாக இருக்கிறாள். பத்து வருடமாகக் கண் தெரியாது. கணினித் திரையில் உள்ளதை உரக்க வாசித்துச் சொல்லும் மென்பொருளை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்கிறவள்.

"நேத்து துறையில நாலு மணி நேரம் விறைச்சுப்போய் உக்காந்திருந்தேன், லோர்னா. ஞாயித்துக்கிழமை பத்தரைக்குப் படகுன்னு உன் பக்கம்தான் சொல்லுச்சு."

"பத்தரை இந்தக் கரையிலேர்ந்து கிளம்புறது. உங்க தீவுலேர்ந்து ஒன்பதுக்கு. தெளிவாத்தானே போட்டிருக்கேன்!"

"யாருக்குத் தெளிவா?"

மகன் டுவைட்டின் ஐம்பதாவது பிறந்தநாள் விருந்துக்குக் கிளம்பியவள் அவள். விருந்து போயிற்று. அன்று மாலையே டுவைட் போனில் கத்தியிருக்கிறான். இன்னொரு முறை படகை விட்டால் வீட்டை விற்றுவிட்டு பேங்கோர் நகரத்தில் முதியோர் இல்லம், பேச்சே கிடையாது என்று.

"வர்ற ஞாயிறு நானே தனியா வந்து சேர்ந்து காட்டணுமாம். பக்கத்துல குளிர்காலப் படகு நேரம் என்னிக்குப் போடுற?"

"வெள்ளிக்கிழமை மதியம்."

"அதுக்குள்ள சரி பண்ணு. என் வீட்டை விட்டு நான் வர மாட்டேன்." பட்டென்று வைத்துவிட்டாள்.

எனக்குக் கோபம் அடங்கவில்லை. அவள்மேல் தப்பு என்று நிரூபிக்கத்தான் அந்த மென்பொருளை இறக்கினேன். திரையை அணைத்துவிட்டுக் கேட்டேன். "சனி. ஒன்பது. பத்தரை. இரண்டு நாற்பது. நாலேகால். ஞாயிறு. பத்தரை. இரண்டு நாற்பது. நாலேகால்."

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணி எங்கே போனது? சட்டென்று உறைத்தது. இரண்டு நாளும் தீவின் முதல் படகு ஒன்பதுக்குத்தான் என்று, பார்க்க அழகாக இருக்கட்டுமே என்று, சனிக்கும் ஞாயிற்றுக்கும் சேர்த்து ஒரே பெரிய கட்டமாக ஒட்டியிருந்தேன். குரல் அதைச் சனியோடு வாசித்து முடித்துவிட்டது. வாரம் முழுக்க முதல் எண் தீவுப் படகு என்று பழகியவள், ஞாயிற்றுக்கிழமையும் முதல் எண்ணைத்தானே நம்புவாள்? போதாக்குறைக்கு 'தீவிலிருந்து', 'கரையிலிருந்து' என்ற தலைப்புகளைத் தலைப்பு என்று குறிக்கவே இல்லை. சாதாரணக் கட்டத்தில் எழுத்தை மட்டும் தடிமனாக்கியிருந்தேன். கண்ணுக்குத் தலைப்பு, காதுக்கு ஒன்றுமே இல்லை. வெட்கத்தில் காது சூடாகிவிட்டது.

கேப்டன் மெர்லிடம் போனேன். முதலாளி அவர்தான். துறையில் மாட்டியிருக்கும் பலகையைப் போலவே பக்கமும் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவரும் அவர்தான்.

"நல்லா லட்சணமாத்தானே இருக்கு? அதைப் போய் ஏன் பிரிக்கிற?"

"உக்காருங்க." திரையை அணைத்தேன். "ஞாயித்துக்கிழமை தீவுலேர்ந்து முதல் படகு எத்தனை மணிக்கு? காதாலேயே கண்டுபிடிங்க."

முப்பது வருடம் அந்தப் படகை ஓட்டியவர். மூன்று முறை கேட்டார். "பத்தரை" என்றார். தன் வாயிலிருந்து வந்ததைத் தானே நம்பாமல் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"எழவு! சரி, பிரிச்சுத் தொலை. ஆனா பலகை மாதிரியே தெரியணும்."

ஒட்டியதை எல்லாம் பிரித்தேன். ஒவ்வொரு நாளுக்கும் ஒவ்வொரு நேரத்தையும் தனித்தனியாக எழுதினேன். தலைப்புகளைத் தலைப்புக் கட்டங்களாகவே போட்டு, எது தனக்குக் கீழே உள்ள நேரங்களுக்கு, எது தன் வரிசையில் உள்ள நேரங்களுக்கு என்று ஒவ்வொன்றிலும் குறித்தேன். ஒரு இடத்தில் கட்டத்தை மூடும் குறியை மறந்து, அட்டவணை முழுக்கச் சரிந்து கிடந்ததைத் தேடவே ஒரு காலைப்பொழுது போயிற்று. கேப்டனின் பலகையில் உள்ள நீலக் கோடுகளை அப்படியே மேலே போர்த்தினேன்.

புதன்கிழமை வெர்னாவை போனில் வைத்துக்கொண்டு சோதனைப் பக்கத்தைக் கேட்க வைத்தேன்.

"இப்ப பரவால்ல. குளிர்கால நேரம், ஞாயிறு, தீவிலிருந்து, எட்டரைன்னு சொல்லுது. பண்டிகை நாள்ல எந்தப் படகு கிடையாது?"

"அதைச் சிவப்புல போட்டிருக்கேனே."

"சிவப்புலயா? ஐயோ, ரொம்ப அழகா இருக்குமே!"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அந்தக் கட்டங்களிலெல்லாம் 'பண்டிகை நாளில் கிடையாது' என்று சொல்லாகவே எழுதினேன். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு அடிக்கும் முன்னால் பக்கம் ஏறிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை, துறைக்குப் போய்விட்டேன். எட்டரைப் படகு ஒன்பது இருபதுக்குக் கரை சேர்ந்தது. இறங்கினவர்களில் நாலாவதாக, கோலைத் தட்டிக்கொண்டு, பச்சைக் கோட்டில் வெர்னா. மூக்கை உறிஞ்சிக்கொண்டேன். ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"லோர்னாவா? அழுறியா என்ன? டுவைட் எங்க?"

அவனைக் காணோம். பெஞ்சில் உட்கார்ந்து அவள் கொண்டுவந்த டோனட்டைப் பங்கிட்டுத் தின்றோம். அரை மணி நேரம் கழித்து அவன் வண்டி சறுக்கிக்கொண்டு வந்து நின்றது. கையில் ஒரு காகிதம். குளிர்பதனப் பெட்டிக் கதவில் அவன் ஒட்டி வைத்திருந்த, போன பருவத்து நேர அட்டவணை.

"அம்மா! ஒன்பதுக்குக் கிளம்பி ஒன்பது அம்பதுக்குத்தானே வரும்? இதுல அப்படித்தானே போட்டிருக்கு?"

வெர்னா விரலில் ஒட்டிய சர்க்கரையை நிதானமாகத் துடைத்தாள்.

"ரெண்டு கண்ணும் நல்லா இருந்தும் இப்படித் தடுமாறுறியேப்பா. பேங்கோர்ல அந்த இல்லத்துல உனக்கு ஒரு கட்டில் சொல்லி வைக்கட்டுமா?"

டுவைட் காகிதத்தைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு அதை நாலாக மடித்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, அவள் பையை வாங்கிக்கொண்டான்.