தூக்கக் கூடாது

பிளாஸ்டிக் நாற்காலியோடு சேர்த்தே அம்மாவைத் தூக்கிவிடலாம் என்று அவள் தம்பி கண்ணையனும் இன்னும் இரண்டு பேரும் குனிந்துவிட்டார்கள். அப்பாவின் சவப்பெட்டியை மூடும் நேரம். பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து முடித்திருந்தார். கட்டினவள் வந்து நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டால் மாதா கோயிலுக்கு எடுத்துவிடலாம்.

"தூக்காதீங்க மாமா" என்றாள் ஜெசிந்தா. சொன்ன பிறகுதான் அது அப்பாவின் பேச்சு என்று உறைத்தது.

அப்பா மாசிலாமணி தொண்ணூற்று மூன்றாம் வருஷம் திண்டிவனத்தில் பிசியோதெரபி கிளினிக் திறந்தபோது ஊர் அவரைச் சுளுக்கு டாக்டர் என்றது. மனுஷன் சிரித்துக்கொண்டார். பிறகு விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்தினார், பிசியோதெரபிஸ்டுகள் சங்கத்துக்குத் தலைவரானார், மந்திரிகள் வாசலில் மனுவோடு நின்றார். எங்கே போனாலும் ஒரே பல்லவிதான்: பாசத்தில் தூக்கித் தூக்கியே வீட்டு ஆட்கள் நோயாளியை முடக்கிப்போடுகிறார்கள்.

அம்மா சவுரியம்மாளுக்கு இடப்பக்கம் வாதம் வந்ததும் அந்தப் பாடம் சொந்த வீட்டுக்கே வந்தது. அழ அழ நடக்க வைத்தார். கல்நெஞ்சக்காரர் என்று ஜெசிந்தா அவரோடு மாசக்கணக்கில் பேசவில்லை. அம்மா இப்போது சமையல்கட்டு வரை நடக்கிறாள். ஆனால் அவர் பக்கத்தில் இல்லாமல் ஓரடி வைத்ததில்லை. அவரோ நேற்று வகுப்பெடுத்துக்கொண்டிருந்தபோதே சாய்ந்துவிட்டார்.

கண்ணையன் கடுப்பானார். "வுழுந்து இடுப்பு ஒடிஞ்சா யாரு பாக்கறது? உங்கப்பா எழுந்து வருவாரா?"

அந்தப் பயம் அவளுக்கும் இருந்தது. பந்தல் போட்ட தரை மேடும் பள்ளமுமாகக் கிடந்தது. அவள் அம்மாவைப் பார்த்தாள்.

"நடந்தே வர்றேன்டி. நீ பக்கத்துல மட்டும் வா."

அம்மா எழுந்தாள். இடக்கால் மண்ணைத் தேய்த்துக்கொண்டு வந்தது. அப்பாவிடம் படித்தவர்கள் பந்தல் நிறைய இருந்தார்கள், தலை நரைத்தவர்கள்கூட. ஒருவரும் கை கொடுக்கவில்லை, வழியை மட்டும் விட்டார்கள். பாதியில் அம்மாவின் முழங்கால் மடங்கியது. ஜெசிந்தாவின் கை தானாக நீண்டது. ஆனால் தொடவில்லை. முழங்கால் மெல்ல நிமிர்ந்தது.

சவுரியம்மாள் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக் குனிந்து முத்தமிட்டாள். மூச்சு வாங்கியது. பிறகு தினமும் கேட்பதுபோலவே அவரிடம் கேட்டாள்.

"நடந்துட்டேன். ஒக்காந்துக்கட்டுமாங்க?"

ஜெசிந்தா போய் நாற்காலியை எடுத்துவந்தாள்.