லோஜினி வரும்போது கண்ணாடியைத் திருப்பாதீர்கள்

1

இது கதையாகத் தொடங்கவில்லை. எங்கள் லயத்து வட்ஸ்அப் குழுவில் போடுவதற்காக எழுதிய நாலு வரி. எழுதச் சொன்னவள் லோஜினி, என் பெரியப்பா சோலைமலையின் மகள். "நீதான் எப்பப் பாத்தாலும் புத்தகமும் கையுமா இருக்கியே. மரியாதையா ஒரு மெசேஜ் எழுதிக் குடுடா. யார் மனசும் நோகக் கூடாது" என்றாள்.

முதல் வடிவம் இது:

"லயத்தில் வசிக்கும் அனைவருக்கும் அறியத்தருவது. லோஜினி நடந்து செல்லும் வேளைகளில் கண்ணாடிகளை மூடுவதையும் திருப்பி வைப்பதையும் தயவுசெய்து

வாசித்துப் பார்த்துவிட்டு, "தண்ணி வெட்டுக்கு ஒட்டின நோட்டீஸ் மாதிரி இருக்கு" என்றாள். அதனால் வாக்கியத்தை அங்கேயே விட்டேன்.

இரண்டாவது வடிவத்தில் காரணம் சொன்னேன். மூன்றாவதில் அந்தக் காரணத்துக்கும் காரணம் சொன்னேன். இப்போது இவ்வளவு நீளத்துக்கு வந்து நிற்கிறது. (பயமாக இருக்கிறது. குழுவில் இதைவிட நீளமாக வந்தது பேச்சியம்மா மாமியின் குரல் பதிவு மட்டும்தான். அதை யாரும் முழுசாகக் கேட்டதில்லை.)

இன்று ஞாயிற்றுக்கிழமை. நாளைக்கு அவளுக்கு ட்ரயல், ஆட்டோ லைசன்சுக்கு ஓட்டிக் காட்டும் பரீட்சை.

2

வெளியாட்களும் வாசிக்கலாம் என்பதால் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். ஒரே கூரையின் கீழே வரிசையாகப் பன்னிரண்டு வீடுகள், அதுதான் லயம். எல்லா வீட்டுக்கும் முன்னால் ஒரே நீளமாக ஓடும் இஸ்தோப்பு.*

வீட்டுக்குள் வெளிச்சம் போதாது. அதனால் கண்ணாடிகள் இஸ்தோப்புச் சுவரில்தான் ஆணியில் தொங்கும். ஆண்கள் அங்கே நின்று ஷேவ் எடுப்பார்கள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும் பெண்கள் அங்கே நின்று பொட்டு வைப்பார்கள். லோஜினியின் வீடு கடைசி வீடு. அவள் ரோட்டுக்கு வரவேண்டுமென்றால் மற்ற எல்லா வீட்டுக் கண்ணாடியையும் கடந்துதான் வரவேண்டும்.

அவளால் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்க முடியாது.

"முகம் பிந்தி வருதுடா" என்று ஒருமுறை சொன்னாள். "நான் திரும்பினப்புறம்தான் அது திரும்புது. ஒரு நாளைக்கு திரும்பாமலே என்னைப் பாத்துக்கிட்டு நின்னுட்டா?"

"அப்படி நிக்காது."

"நிக்காதுன்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் கை ஈரமாகுது. மூச்சு அடைக்குது. தெரியறதும் பயப்படறதும் வேற வேற ரூம்ல இருக்குடா."

* கூரையுள்ள திறந்த முன்பகுதி. வெளியே மழை, உள்ளே புகை. நாங்கள் அதிகம் வாழ்வது இரண்டுக்கும் நடுவில்.

3

நான் வாசிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் கண்ணாடி வந்தால் அதற்குள் இன்னொரு ஆள் இருப்பான். அல்லது இன்னொரு நகரம். ஹட்டனில் நான் வேலை செய்யும் போட்டோகொப்பி கடையில் ஆள் வராத நேரத்தில் அப்படித்தான் ஒரு தொடக்கம் எழுதினேன்:

"கண்ணாடிக்குள் இருந்த லோஜினிக்கு, வெளியே இருந்த லோஜினியைவிட ஒரு வயது கூட. அவள் பல காலமாகக் காத்திருந்தாள்."

எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது. லோஜினிக்குப் பிடிக்கவில்லை.

"உள்ள யாரும் இல்லடா. என் மூஞ்சிதான் இருக்கு. அதுதான் பிரச்சினை. பேயி கீயின்னு எழுதின, ஆட்டோவ உன் மேல ஏத்திருவேன்."

"ஏத்தறதுக்கு முதல்ல லைசன்ஸ் எடு."

சிரித்தாள். 

அடுத்து ஒரு காரணத்தைக் கண்டுபிடிக்கப் பார்த்தேன். "லோஜினிக்கு ஏழு வயதில், ஒரு மழை நாளில், உடைந்த கண்ணாடித் துண்டு ஒன்று" என்று தொடங்கினேன்.

"அப்படி ஒன்னும் நடக்கல."

"ஏதாவது நடந்திருக்கணுமே லோஜி. சும்மா வருமா?"

"உன் கதைக்கு வேணும்னா வச்சுக்க. எனக்கு வேணாம்."

(ஒரு பாத்திரம் தன் கடந்த காலத்தை எழுத்தாளனிடம் திருப்பிக் கொடுக்கும்போது என்ன செய்வது? கோடு போட்டு அடித்தேன். கண்ணாடித் துண்டு இன்னும் வாக்கியத்தின் நடுவில் கிடக்கிறது.)

நடந்தது இதுதான். பெரியப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது. நேர்சரிப் பிள்ளைகளை ஏற்றிப்போன ஆட்டோ தார்ப்பாயின் கீழே நிற்கிறது. அவர்கள் வீட்டில் வேறு உழைப்பு இல்லை. லோஜினி நன்றாக ஓட்டுவாள். இந்த ரோட்டின் வளைவுகள் அவளுக்குப் பாடம். ஆனால் முதல் ட்ரயலில், பக்கத்தில் இருந்த அதிகாரி பொறுமையாகத்தான் சொல்லியிருக்கிறார், "நங்கி, கண்ணாடிய பலன்ன" என்று. தங்கச்சி, கண்ணாடியைப் பார் என்று அர்த்தம். இவள் பார்க்கவில்லை. பின்னால் லொறி வந்தது தெரியாமல் வெட்டித் திருப்பியிருக்கிறாள். அது ஹோர்ன் அடித்துக்கொண்டு உரசுகிற தூரத்தில் போனதாம். அவர் இறங்கச் சொல்லிவிட்டார்.

"பிள்ளைங்க பின்னால இருந்திருந்தா?" என்றாள் அன்றைக்கு. எனக்குத் தூக்கம் வரவில்லை.

4

ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனேன். டொக்டர் சிவதர்சினி யாழ்ப்பாணத்துக்காரர். நான் கேட்டதையே முதலில் கேட்பார் என்று நினைத்தேன். சின்ன வயதில் என்ன நடந்தது? அவர் கேட்டது வேறு.

"கண்ணாடியைக் கண்டால் என்ன செய்வீங்கள்?"

"திரும்பிக்குவேன். இல்லாட்டி ஓடிருவேன்."

"ஓடினாப் பிறகு?"

"நல்லா இருக்கும்."

"அதுதான். பயம் ஒரு ஏத்தம் மாதிரி. உச்சிக்குப் போனால் பிறகு தானா இறங்கத்தான் வேணும். நீங்கள் ஒவ்வொருமுறையும் பாதி ஏத்தத்தில திரும்பி ஓடுறீங்கள். அந்தப் பக்கம் இறக்கம் இருக்கெண்டு உங்கட உடம்புக்கு இன்னும் தெரியாது. ஓடினபடியாத்தான் தப்பினன் எண்டு அது நினைக்குது."

"இது எதனால வந்துச்சு மேடம்?" என்று நான் குறுக்கே கேட்டேன். கதைக்காகத்தான்.

"சில பேருக்குத் தெரியும். கனபேருக்குத் தெரியாது. தெரியாமலும் மாத்தலாம், தம்பி."

பிறகு சின்னச் சின்னப் படியாகச் சொன்னார். முதலில் கரண்டியின் முதுகு. பிறகு அணைத்துவைத்த போனின் கறுப்புத் திரை. பிறகு கைக்கண்ணாடியில் நெற்றி மட்டும். ஒவ்வொன்றிலும் பயம் ஏறி இறங்கும் வரை நிற்கவேண்டும். மருந்து உடனே தேவைப்படவில்லை. தேவையென்றால் பிறகு பார்க்கலாம் என்றார்.

எல்லாம் முடிந்து எழும்பும்போது சும்மா கேட்பதுபோலக் கேட்டார். "வீட்டில கண்ணாடி இருக்கோ?"

"எங்க லயத்துல யாரும் எனக்குக் கண்ணாடி காட்டமாட்டாங்க மேடம்" என்றாள் லோஜினி, பெருமையாக. "நான் வர்றதப் பாத்தாலே மூடிருவாங்க."

"ஆர்? அம்மாவோ?"

"எல்லாரும்."

டொக்டர் மறுபடி உட்கார்ந்தார்.

5

வாசகரே, அந்த 'எல்லாரும்' நீங்கள்தான்.

உங்களைக் குற்றம் சொல்ல முடியாது. மின்னல் வெட்டினால் கண்ணாடி மேல் துணி போடுவது நம் லயத்தில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். துண்டு ஆணிக்குப் பக்கத்திலேயே தொங்கும். லோஜினி ஒரு நாள் பேச்சியம்மா மாமி வீட்டுக் கண்ணாடி முன்னால் நடுங்கி உட்கார்ந்தபோது, மாமி அந்தத் துண்டை எடுத்துப் போட்டார். அவள் மூச்சு சரியானது. அடுத்த நாள் பக்கத்து வீட்டிலும் போட்டார்கள். பிறகு வரிசை முழுக்கப் பரவியது. "லோஜினி வந்தா இடி வர்ற மாதிரி" என்று ஜீவராஜ் அண்ணன் கேலி செய்வார். ஆனால் பாதி ஷேவிங்கில், கன்னமெல்லாம் சோப்போடு, தன் கண்ணாடியைத் திருப்பிவைத்துவிட்டு நிற்பவரும் அவர்தான்.

"லயத்துச் சனத்துக்கு உங்களில நல்ல அன்பு" என்றார் டொக்டர். "அந்த அன்பிலதான் இந்தப் பயம் சாப்பிட்டு வளருது."

என்னைப் பார்த்து, "நீங்களும் ஆறுதல் சொல்லாதேங்கோ. பக்கத்தில இருங்கோ, அது போதும்" என்றார்.

6

(இந்தப் பகுதியை எழுதப் பிடிக்கவில்லை. ஆனால் இது இல்லாவிட்டால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.)

கரண்டி முடிந்தது. போன் முடிந்தது. நெற்றி, பிறகு ஒரு கண், பிறகு இரண்டு கண். போன சனிக்கிழமை ஆட்டோ. அதன் கண்ணாடிகளுக்குப் பெரியப்பாவின் சப்பாத்து மேசுகளை (காலுறைதான்) போட்டு மூடி வைத்திருந்தாள். தொழிற்சாலைக்குப் பின்னால் உள்ள வெறுந்தரையில் நிறுத்தி, அவற்றை உருவினாள். உள்கண்ணாடியை என் பக்கம் சரித்தாள். நான் பின்சீட்டில்.

"நீ தெரியிற. நான் தெரியல."

"எப்படி இருக்கேன்?"

"கண்ணாடிக்குப் பயம் வர்ற மாதிரி இருக்க."

பிறகு கண்ணாடியைத் தன் பக்கம் கொஞ்சம் திருப்பினாள். அவள் காது எனக்குத் தெரிந்தது. இன்னும் கொஞ்சம். கன்னம். அவள் கழுத்து நரம்பு துடிப்பது பின்னால் இருந்தே தெரிந்தது. 'போதும் விடு' என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. "வருது, பிந்தித்தான் வருது" என்றாள். அழுதாள். கையை மட்டும் எடுக்கவில்லை. நிறைய நேரத்துக்குப் பிறகு, "டேய், பயத்துக்கும் அலுத்துப்போச்சு போல" என்று மூக்கை உறிஞ்சினாள். கண்ணாடியில் அவள் முழு முகமும் இருந்தது.

ஆட்டோவை ரோட்டில் விட்டுவிட்டு இரண்டு பேரும் நடந்து வந்தோம். அவளுக்கு அந்தத் தைரியம் இன்னும் உடம்பில் இருந்தது. முதல் வீட்டுக்கு வந்ததும் பேச்சியம்மா மாமியின் சத்தம்:

"ஏய், புள்ள வருது, மூடுங்கடி!"

வரிசையாகத் துண்டுகள் விழுந்தன. கண்ணாடிச் சட்டங்கள் சுவரில் தட்டும் சத்தம் கடைசி வீடு வரை ஓடியது.

லோஜினி நின்றுவிட்டாள். "மூடினதும் அப்பாடான்னு இருந்துச்சுடா" என்று மெதுவாகச் சொன்னாள். "அதுதான் பயமா இருக்கு."

அன்று மாலை ரோட்டில் நின்ற ஆட்டோக் கண்ணாடியில் மறுபடி மேசு ஏறியிருந்தது.

7

அவள் நேரில் சொல்லாமல் இல்லை.

"மாமி, இனி மூடாதீங்க மாமி. டொக்டர் வேணாம்னாங்க."

"நீ வெக்கப்படாத கண்ணு. ஒரு துண்டு போடறதுல எங்களுக்கு என்ன கஷ்டம்?"

"கஷ்டத்துக்கு சொல்லல மாமி..."

"தெரியும் தெரியும். நீ அப்படித்தான் சொல்லுவ."

யாராவது டீ குடிக்கச் சொன்னால் இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லித்தானே நாம் மூன்றாவது தடவை குடிக்கிறோம்? லோஜினியின் 'வேணாம்' எல்லாம் அந்தக் கணக்கில் போய்விட்டது. அவள் எவ்வளவு கெஞ்சினாளோ அவ்வளவு வேகமாகத் துண்டு விழுந்தது. அதனால்தான் எழுத்தில் கேட்கச் சொன்னாள்.

8

முடிவு.

(அ) லோஜினி காலையில் இஸ்தோப்பில் நடக்கிறாள். எல்லாக் கண்ணாடிகளும் திறந்திருக்கின்றன. நுவரெலியா ட்ரயலில் அதிகாரி சொல்லும் முன்பே கண்ணாடியைப் பார்க்கிறாள். பாஸ்.

இதை ஒரு பக்கத்துக்கு எழுதினேன். சந்தோஷமாக இருந்தது. பிறகு உறைத்தது. குழுவில் போடும் முன் இதை அவள் வாசிப்பாள். பாஸ் என்று வாசித்தால் அப்பாடா என்று இருக்கும். அப்படியானால் நானும் ஒரு துண்டு போட்டதாகத்தான் அர்த்தம்.

(ஆ) அவள் பாதி வழியில் திரும்பி வீட்டுக்குள் ஓடுகிறாள்.

இதை அவளுடைய பயமே நன்றாக எழுதும். நான் வேறு எதற்கு?

(இ) அவள் நடக்கிறாள், பேச்சியம்மா மாமி துண்டை எடுக்கக் கை நீட்டுகிறார், அப்போது

இல்லை. மாமியின் கையை நான் எழுதக்கூடாது. மாமி உயிரோடு இருக்கிறார், இந்தக் குழுவில் இருக்கிறார், இதையும் (முழுசாக இல்லாவிட்டாலும்) வாசிப்பார்.

தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். நாளைக்கு, நீங்கள் பெரட்டுக்குக் கிளம்பும் நேரத்தில், அவள் கடைசி வீட்டிலிருந்து வருவாள். சிலவேளை உங்கள் வீட்டு முன்னால் நின்றுவிடுவாள். முகம் வெளுக்கும். சுவரைப் பிடிப்பாள். அழுதாலும் அழுவாள். பார்க்கப் பாவமாக இருக்கும், உங்கள் கை தானாகத் துண்டுக்குப் போகும். என் கையும் போகும். எங்கள் அம்மாவிடம் இப்போதே சொல்லிவிட்டேன். "பாத்துக்கிட்டு சும்மா நிக்கச் சொல்றியா? நாங்க என்ன கல்லா?" என்று கேட்டார்.  பயம் ஏறி இறங்க எவ்வளவு நேரம் ஆகும் என்றும் கேட்டார். அதை டொக்டர் சொல்லவில்லை.

இவ்வளவுதான் எழுத முடிகிறது. மிச்சம் உங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது.