கடைசிப் பாட்டில் யார் கை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோற்றில் கை வைத்திருந்தபோது கிஷாந்தின் தொகுப்பு என் போனுக்கு வந்து சேர்ந்தது. 'இரும்புக் கொழுந்து' குழு இத்தனை வருடங்களில் போட்ட பாட்டுகளிலிருந்து பொறுக்கியெடுத்தவை. அட்டையில் கிஷாந்த் மட்டும் ஒரு ரோலர் மெஷின்மேல் சாய்ந்துகொண்டு நிற்கிறான். அது நான் தினமும் துடைக்கிற ரோலர். போன வருடம் ஊருக்கு வந்தபோது எடுத்த படம். எடுத்துக்கொடுத்ததே நான்தான்.

குழுவை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து தொடங்கினோம். வட்டவளைக்குப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில் கொழுந்தை உருட்டும் ரோலரின் சத்தத்தைப் பதிவுசெய்து, அதன்மேல் தப்புப் பறை அடித்து, கம்ப்யூட்டரில் ஆட்டப் பாட்டாக்குவோம். ஹட்டனில் ஒரு கல்யாண வீட்டில் போட்டபோது மெஷின் கெட்டுவிட்டதா என்று கேட்டார்கள். கிஷாந்த் கொழும்புக்குப் போனான், பிறகு ஜெர்மனிக்கு. எனக்குக் கல்யாணம் ஆனது, ஃபேக்டரியில் வேலையும் கிடைத்தது. அந்த ரோலர் சத்தத்துக்கு ஜெர்மனியில் கூட்டம் கூட்டமாக ஆடுகிறார்கள். நான் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு அதற்குப் பக்கத்தில் நிற்கிறேன்.

"நல்லாத்தான் இருக்குங்க," என்றாள் பிரியந்தி, இரண்டு பாட்டு கேட்டுவிட்டு. கட்டின பெண்டாட்டி. அவளே அவன் பக்கம்.

கடைசியாக வைத்திருந்தது எங்கள் முதல் பாட்டு. எங்கள் வரிசை வீடுகள் இருக்கும் லயத்து வாசலில் உட்கார்ந்து சாவுக்கு அடிக்கும் அடியை ஆளுக்கொரு தடவை அடித்துப் பதிவுசெய்தோம். நன்றாக வந்ததைக் கிஷாந்த் பாட்டில் சேர்த்தான். நன்றாக வந்தது என்னுடையது என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. பெண் பார்க்கப் போன இடத்திலேயே பிரியந்தியிடம் அதைச் சொல்லியிருக்கிறேன். இப்போது பாட்டுக்குக் கீழே பார்த்தால், தப்பு: கிஷாந்த்.

"பாத்தியா? அடிச்சது நானு, பேரு அவனுக்கு!"

கோயில் ஸ்பீக்கர் எங்கள் வீட்டில்தான் இருக்கும். வாசலுக்கு இழுத்துவந்து, லயமே கேட்கட்டும் என்று முழுச் சத்தத்தில் போட்டேன்.

தப்பு நாலு அடி விழுவதற்குள் கதவுகள் திறந்தன. மாயாண்டி அண்ணன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தவர்கள் ஈரத்தோடு வந்தார்கள். கடைசி வீட்டு ராசம்மா அக்கா மாரில் கை வைத்தபடி கேட்டார்:

"யாருய்யா? யாரு போயிட்டாங்க?"

"யாரும் போகலக்கா. பாட்டு. நான் அடிச்சது."

திட்டுவார்கள் என்று நினைத்தேன். யாரும் திட்டவில்லை, போகவும் இல்லை. ராசம்மா அக்கா தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"இது நம்ம கிஷாந்துல்ல? அவுங்கம்மா செத்தன்னைக்கு, தப்ப யார் கையிலயும் குடுக்க மாட்டேன்னு அவனேதான அடிச்சான். இப்புடித்தான், நின்னு நின்னு அடிச்சான்."

"ஆமாக்கா, அவன்தான்," என்றார் மாயாண்டி அண்ணன்.

எல்லோரும் தலையாட்டினார்கள். பிரியந்தி என்னைப் பார்க்கவில்லை. நானும் கேட்டேன். அந்த அடி ஓரிடத்தில் நின்று, இனி வராது என்று நினைக்கும்போது விழுந்தது. எனக்கு அப்படி நிறுத்த வராது. ஒருநாளும் வந்ததில்லை. நான் எடுத்த படத்தை அவன் திருடியிருந்தால் மன்னித்திருப்பேன், பேரைத் திருடியிருந்தாலும் சண்டை போட்டு முடித்திருப்பேன். அவன் எதையுமே திருடவில்லை என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

பாட்டு முடிந்தது. ராசம்மா அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னொருக்கா போடுய்யா."

போட்டேன். பிரியந்தி சாவு வீட்டில்போல முக்காடு போட்டுக்கொண்டாள். என் விரல்கள் தாமாகவே ஸ்பீக்கர் பெட்டியின்மேல் தட்டத் தொடங்கின. ஒவ்வொரு அடியும் அவனுக்குக் கொஞ்சம் பிந்தியே விழுந்தது.