கருவேல மரத்தில் பதினோரு மாதம்

குண்டாற்றில் தண்ணீர் வந்த மறுநாளே நல்லகண்ணு மருமகனைத் தேடித் தோட்டத்துக்கு வந்துவிட்டார்.

"ஆத்துல தண்ணி வரட்டும்னீக. வந்திருச்சு மாப்ள. வருசத் திதிக்கு முன்னாடி கரைச்சுருவோம்."

மாரீஸ்வரனுக்குச் சொல்லச் சாக்கு இல்லை. மனைவி ரேணுகாதேவி இறந்து பதினோரு மாதம். அஸ்தியை வீட்டுக்குள் வைக்கக் கூடாது. கலயம் கிணற்றடிக் கருவேல மரத்தில் தொங்கியது. எல்லோரும் ராமேஸ்வரம் போகச் சொன்னார்கள். அவள் ஊர் ஆற்றில்தான் கரைப்பேன் என்று அவன்தான் பிடிவாதம் பிடித்தான். ஆறு அப்போது வறண்டு கிடந்தது.

கடலோர அணுமின் நிலையத்தில் அவனுக்கு வேலை. உலையில் எரிந்து தீர்ந்த எரிபொருளை, நிரந்தர இடம் முடிவாகும்வரை, கசியாமல் காக்கும் பிரிவு. எத்தனை வருடம் ஆனாலும் காக்க வேண்டும். "அந்தக் கழிவப் பாக்குற பார்வையில பாதி என்னையப் பாத்தா என்னவாம்?" என்று ரேணுகா வம்பிழுப்பாள். இப்போது லீவுக்கு வரும்போதெல்லாம் கலயத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். கயிறு, மூடி, விரிசல்.

ஆற்றங்கரையில் நல்லகண்ணு மூடியைத் திருகினார். அசையவில்லை.

"என்னத்தப் போட்டு ஒட்டுனீக?"

"எம்சீல் மாமா. மழத்தண்ணி இறங்கிரும்னு."

"அதுக்குன்னு இப்படியா? இத எப்படித் தொறக்குறது?"

வேலையில் சேர்ந்த முதல் வாரமே அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்: தற்காலிகமாக வைப்பதைத் திரும்ப எடுக்க வழி வைத்துத்தான் மூட வேண்டும். பூசும்போது அது நினைவில் இருந்தது. தெரிந்தேதான் பூசினான்.

நல்லகண்ணு ஒரு கல்லை எடுத்து ஓங்கினார். கை இறங்கவில்லை.

"எம்புள்ள மாப்ள. என்னால ஏலாது. நீங்களே…"

மாரீஸ்வரன் கல்லை வாங்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினான். இரண்டாவது அடியில் கலயம் உடைந்தது. செம்மண் நிறத் தண்ணீரில் சாம்பல் கொஞ்ச தூரம் வெள்ளையாகத் தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

நல்லகண்ணு ஓட்டில் ஒட்டியிருந்த சாம்பலை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ஒரு பொட்டு ஈரம் படல. நல்லாத்தான் வச்சிருந்திருக்கீக." கரைப் பக்கம் திரும்பினார். "திரும்பிப் பாக்காம வாங்க."

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. நேரே கிணற்றடிக்குப் போனான். மரத்தில் கயிறு மட்டும் ஆடியது. வழக்கம்போல முடிச்சை இழுத்துப் பார்த்தான். உறுதியாக இருந்தது.